பாதிப் பேச்சில் நிற்கிறவள்

கேரளப் பக்கம் உடும்பஞ்சோலையில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. பொறுமை வேண்டிய வேலை. அந்தப் பொறுமையை அங்கேயே செலவழித்துவிட்டு, வாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அதில் மாட்டியவள், அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள்.

பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் நின்றுவிடுவாள். பார்வை எங்கோ குத்திட்டு நிற்கும். பத்து வினாடி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்வாள். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். பிள்ளை சொல் தேடுகிறது என்று முடிவு கட்டினோம். வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இந்தக் குழப்பம் என்றார் டீச்சர். நீங்கள் மலையாளம் சொல்லிக்கொடுப்பதால்தான் என்றேன் நான். இரண்டு மாதம் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டோம்.

"ரெண்டும் வேணாம், இங்கிலீஷ் டியூஷன்ல சேத்துருவோம்" என்று சமாதானம் பேசினார் என் வீட்டுக்காரர்.

ஒரு நாள் கம்பம்மெட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். நக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். இமை மட்டும் படபடத்தது. ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்தது.

"ஏய், கையப் பாருடி!"

தோளைப் பிடித்து உலுக்கினேன். கேட்டதாகவே தெரியவில்லை. பிறகு தானாகவே விட்ட இடத்திலிருந்து நக்க ஆரம்பித்தாள். ஐஸ் தின்ன எந்த மொழியில் சொல் தேட வேண்டும்? எதிரே ஜீப்புகள் சீறிக்கொண்டு போயின. ரோட்டின் நடுவில் இப்படி நின்றிருந்தால் என்று நினைத்ததும் அவளை என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

தேனியில் ஒரு டாக்டரிடம் போனோம். அவள் நிற்பதை நடித்துக் காட்டினேன். என் நடிப்பில் நம்பிக்கை வரவில்லைபோல. ஒரு காகிதத்தை அவள் முன் பிடித்து, விடாமல் ஊதச் சொன்னார். ஊதினாள், ஊதினாள், அதேபோல் பார்வை குத்திட்டு நின்றாள்.

"இதுவும் ஒரு வகை வலிப்புதாம்மா. மாத்திரையில கட்டுப்படுத்தலாம். ஆனா பிடிவாதம்னு நினைச்சுத் திட்டாதீங்க. அந்த நேரத்துல நீங்க கூப்பிடறது அவளுக்குத் தெரியாது."

கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைத்திருந்தவள் நான். எத்தனை தடவை கிள்ளியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில், சிரித்துச் சமாளிக்கலாம் என்று கேட்டேன்.

"அப்ப நான் திட்டுனது ஒண்ணுமே உனக்குக் கேக்கலையாடி?"

"கடைசியில கொஞ்சம் கேக்கும்மா. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பேன். திடீர்னு பாத்தா நீ கோவமா இருப்ப. நான் என்ன பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன்."