‘உள்ளே ஒரு கல்’ எந்தப் பக்கம்?

அந்த மாதப் பத்திரிகையின் வடிவமைப்புப் பிரிவில் அவளுக்கு இது பதினாறாவது வருஷம். பொருளடக்கம் அவள் பொறுப்பு. அது வருவது மூன்றாம் பக்கத்தில் என்பதால் அலுவலகத்தில் அவள் பெயரே ‘மூணாம் பக்கம்’ என்றாகிவிட்டது. மற்றவர்கள் தங்கள் பக்கங்களை முடித்துக் கையை உதறிக்கொண்டு எழுந்த பிறகுதான் அவள் வேலை சூடுபிடிக்கும். விளம்பரப் பிரிவு கடைசி நேரத்தில் எதையாவது செருகினால் எண்கள் எல்லாம் ஆட்டம் கண்டுவிடும். மறுபடி முதலிலிருந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். மருத்துவமனையில் நர்ஸ். வீங்கிய கால்களை நாற்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு புது இதழைப் புரட்டினாள்.

“டாக்டர் ஒருத்தர் எழுதுவாரே, அது எங்கடி?”

“பொருளடக்கத்தைப் பாரேன். அதுக்குத்தானே மாடா உழைக்கிறேன்.”

அக்கா பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். “‘மௌனத்தின் நிறம்’, ‘உள்ளே ஒரு கல்’... இதுல எது கதை, எது டாக்டர்?”

“கல்லுதான் டாக்டர். சிறுநீரகக் கல்.”

“ஐயோ, நான் காதல் கதைன்னு நினைச்சுத் தாண்டிட்டேன்!”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்தின் அளவையும் படத்தின் ஓரத்தையும் இழைத்து இழைத்துப் பார்த்தவளுக்கு, தேடுகிறவளின் கண்ணால் அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடப் பார்க்கத் தோன்றியதில்லை.

அடுத்த இதழின் பொருளடக்கத்தில், பாதிப் பக்கத்தை அடைத்திருந்த படத்தைத் தூக்கினாள். கதைகள், உடல்நலம், வீடு என்று பிரித்தாள். பக்க எண்ணைப் பெரிதாக முன்னால் வைத்தாள். ஒவ்வொரு தலைப்பின் கீழும், அது எதைப் பற்றியது என்று ஒரே ஒரு வரி.

“என்னம்மா இது, பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி இருக்கு?” என்றார் ஆசிரியர்.

“பஸ் எங்க போகுதுன்னு தெரியுதுல்ல சார்?”

“கவிஞர் கோவிச்சுப்பார். தலைப்புக்குக் கீழ ‘மழை பற்றிய கவிதை’ன்னு போட்டிருக்கே.”

“கோவிச்சுக்கட்டும் சார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்ல. ஒரு மாசம் போட்டுப் பாருங்க.”

அந்தக் குரலில் இருந்த களைப்பை உணர்ந்தோ என்னவோ, அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அச்சுக்குப் போகும் அன்று இரண்டு பக்க விளம்பரம் ஒன்று வந்து விழுந்தது. எல்லா எண்களையும் மாற்றினாள், ஒன்றைத் தவிர. டாக்டர் கட்டுரை நாற்பத்தாறு என்றே போய்விட்டது. நாற்பத்தாறைத் திறந்தால் ஒரு மெத்தை விளம்பரம்.

இதழ் வெளியான அன்று மதியத்துக்குள் வாசகர்களிடமிருந்து ஏழு போன்கள், ‘டாக்டர் எங்கே?’ என்று. ஆசிரியர் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். “தப்புத்தான் சார்” என்று தலையைக் குனிந்து நின்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: “முன்னாடியும் ரெண்டு மூணு தடவை நம்பர் மாறிப் போயிருக்கு சார். ஒரு ஈ காக்காகூடக் கேட்டதில்ல.”

ஆசிரியர் இதழை எடுத்து மூன்றாம் பக்கத்தை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

“சரி, இதே மாதிரியே இருக்கட்டும். ஆனா இனிமே அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லா நம்பரையும் ரெண்டு தடவை ஒத்துப் பார்த்துடும்மா.”

ஜெயித்ததற்குக் கிடைத்தது இன்னொரு வேலை. இருக்கைக்கு வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். அது இறங்கும்வரை, யார் கூப்பிட்டும் திரும்பாமல், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.