நாலு மணி அலாரம்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவிலேயே பெரிய மக்கு நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மாவின் செல்போனில் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு அலறும் அலாரத்தை, என் தூக்கம் கெடுகிறது என்று ஒரு நாள் ரகசியமாக அணைத்து வைத்தவன் நான்.

அப்போது அயனம்பாக்கத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். அம்மாவுக்கு அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் பொடி ஸ்க்ரூ முடுக்கும் வேலை. அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது என்றார் டாக்டர். கம்பெனிக்குத் தெரிந்தால் பெர்மனென்ட் போச்சு என்று அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நாலு மணிக்கு எழுந்து வெந்நீர்க் குண்டானில் கையை விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது ஏதோ விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

அலாரம் அடிக்காத அன்று அம்மா விழித்தபோது மணி ஆறேகால். விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றன. ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும்.

"நான் ஏந்து ரெண்டு மணி நேரம் கழிச்சிதான்டா என் கை ஏந்துக்கும்," என்றாள்.

வெந்நீர் வைத்தேன். கம்பெனிக் கோட்டுக்குப் பித்தானை ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டேன். சடையும் பின்னினேன். மூன்று கால் எடுத்துத் தொடங்கிய சடை, இரண்டு காலில் முடிந்தது.

வேனிலிருந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அக்கா தலையை நீட்டினாள். "இன்னாக்கா, சடை அறுந்த பட்டம் வாலு மாதிரி கீது?"

"ஊட்ல புதுசா பியூட்டி பார்லர் தொறந்துகீது."

முன் சீட்டில் சூப்பர்வைசர். அம்மா சிரித்துக்கொண்டே கைகளைத் துப்பட்டாவுக்குள் ஒளித்தாள். அந்த அக்கா அதை ஒரு முறை பார்த்தாள். கேலியை நிறுத்தாமலேயே அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே ஏற்றிக்கொண்டாள்.

அன்றைக்கு வேலையின் முதல் இரண்டு மணி நேரமும், சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அம்மாவின் ஸ்க்ரூக்களையும் அவளே முடுக்கிக் கொடுத்தாளாம். சாயங்காலம் அம்மா சொன்னாள். வேலைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது.

"நீ நல்லா தூங்கணும்னு நான்தாம்மா அலாரத்த ஆஃப் பண்ணேன்."

உண்மையில், அம்மாவுக்கும் தூக்கம் பிடிக்கும் என்பதே அந்த வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் செல்போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நாளையிலர்ந்து நீ எழுப்பு."