கொல்லிமலை பஸ்ஸில் ஒரு போர் விமானம்

பக்கத்து இருக்கைக்காரர் ஒல்லி. மூன்று நாள் தாடி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உள்ளங்கையை இறக்கை மாதிரி சாய்த்தார். என்ன வேலை என்று கேட்டேன். ரகசியம் என்று சொல்லிவிட்டு, பாதி பஸ்ஸுக்குக் கேட்கும்படிச் சொன்னார். பைலட் இல்லாத ஜெட் போர் விமானத்துக்கு கம்ப்யூட்டர் மூளை எழுதுகிறாராம். அது தானே முடிவெடுத்துப் பறக்கும் முதல் சோதனை அன்றுதான். ரிசல்ட் போனில் வரும்.

"அங்க இல்லாம இங்க எதுக்குங்க?"

"மச்சினன் ஊட்டுக் காதுகுத்துங்க. ரெண்டு விசேஷத்துக்குப் போகல. இதுக்கும் வரலேன்னா இனி வரவே வேண்டாம்னுட்டா வீட்டுக்காரி."

எதிரே மரவள்ளி லாரி வந்து பஸ் நின்றது. முன்னே லாரி, பின்னே வரிசையாக வண்டிகள். போனில் சிக்னலும் இல்லை.

"ஏனுங்க, உங்க விமானம் இப்படி மாட்டுனா லாரியச் சுட்டுருமா?" என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் கூடுதலாக.

ஒல்லிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "சுடக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கேன். உள்ள ஆள் இருந்தா என் தப்ப அவன் திருத்திக்குவான். இதுல ஆளில்லீங்க."

ஒருவழியாக லாரி பின்வாங்கியது. அடுத்த வளைவில் சிக்னல் வந்து அவர் போன் அடித்தது.

"எடுங்க சார்."

"வளைவு முடியட்டுங்க" என்றார்.

செம்மேட்டில் நான் இறங்கும்போது பஸ் சமதரையில்தான் நின்றது. அவர் மடியில் போன் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. கை மட்டும் இன்னும் சாய்ந்திருந்தது.