கன்னத்துக் கரும்பொட்டு

புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் லாங்கன்தாலிலிருந்து இரண்டு ரயில் மாறி, மீட்கப்பட்ட சிம்பன்சிகளின் காப்பகத்துக்கு வந்திருக்கிறோம். ஆறு மாதக் குழந்தையைக் கொண்டுவந்தது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் சிம்பன்சி எழுந்து வருகிறது. நாவூறு படாமலிருக்க மகளின் கன்னத்தில் நான் வைத்த கரும்பொட்டுக்கு நேரே கண்ணாடியை விரலால் சுரண்டுகிறது. அழுக்கென்று நினைத்துவிட்டதோ? அவசரமாக ஈரத்துணியை எடுக்கிறேன்.

"துடைக்காதேங்கோ தங்கச்சி," என்கிறார் கரட் வாளியோடு வரும் பராமரிப்பாளர், எங்கள் ஊர் அண்ணை. "சர்க்கஸில தனியக் கிடந்தவ. பேன் பாக்கிறதுதான் இவையின்ர அன்பு; இஞ்ச வந்து ரெண்டு வருசம், ஒருத்தருக்கும் இப்பிடிப் பாத்ததில்லை."

"பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதோ அண்ணை?"

"இவவின்ர கண் படாது, பயப்பிடாதேங்கோ," என்று சிரிக்கிறார்.

துணியைப் பைக்குள் வைக்கிறேன். மகளைக் கண்ணாடிக்கு இன்னும் கிட்டப் பிடிக்கிறேன். காலையில் நான் பொட்டு வைத்த அதே கவனத்தோடு, அந்த நீண்ட விரல் மெல்ல மெல்லச் சுரண்டுகிறது.