தர்மக் கணக்கின் முதல் பக்கம்

நான் கணக்கெழுதிய வீட்டில், பேரேட்டின் முதல் பக்கம் தர்மத்துக்கு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் கஞ்சி ஊற்றும் தர்மம் அது. அதற்கென்று வைத்த பணம், வீட்டாரின் ரங்கூன் லேவாதேவிக் கடையில் வட்டிக்கு இருந்தது. வட்டி வந்ததும் புதுவயல் ஊர் மில்லில் அரிசி வாங்குவோம். கடையில் பணம் போட வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். தர்மத்துக்கு வட்டி ஒழுங்காகப் போனால் தங்கள் பணத்துக்கும் பயமில்லை என்று நம்புவார்கள்.

பர்மாவில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய விவசாயிகள் கட்ட முடியாமல் போன வருஷம் வட்டி நின்றது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“வரவு வச்சிரு.”

“வரலையே ஐயா.”

“வரும்ல, அப்பச் சரியாப் போகும். அந்தப் பக்கம் வெறுமையா இருந்தா, பணம் போட்டவுக அம்புட்டுப் பேரும் நாளைக்கு வாசல்ல நிப்பாக. பெறகு கஞ்சியும் கெடையாது, ஒனக்குச் சம்பளமும் கெடையாது.”

எழுதினேன். வராத வட்டியை வரவு வைத்தால் அதற்குச் செலவும் காட்ட வேண்டும். வாங்காத அரிசியையும் எழுதினேன். கஞ்சி காய்ச்சும் அம்மாளுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. “ஏட்டுல மூடை மூடையா எறங்குதாமே கணக்குப்பிள்ளை! அங்குட்டே ஒல வச்சிருங்க, நான் எதுக்கு?” என்பாள். அவள் உலையில் தண்ணீர்தான் கூடிக்கொண்டே போனது.

அப்போதுதான் கொத்தமங்கலத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார். இறந்துபோன மகள் நினைவாக இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தொகை வைக்க நினைத்திருந்தார். முதல் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார்.

“மாசந் தவறாம வருதே! இங்க என்ன கொறை?” என்றவர் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க கணக்குப்பிள்ளை. பிள்ளைகளுக்குப் போதுமா? போதலைன்னா வச்சிட்டுப் போறேன்.”

முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. போதாது என்றால் அந்தப் பக்கம் பொய்யாகும். கடை போகும், இருக்கிற கஞ்சியும் போகும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று தடுமாறாமல்தான் பேசினேன்.

“போதும் ஆச்சி.”

“அப்பச் சரி. பசிச்ச பிள்ளைகளா வேற எங்கயாச்சும் பாக்குறேன்” என்று எழுந்துவிட்டார்.

அந்த மாதமே மாலைக் கஞ்சியை நிறுத்தினோம். பிள்ளைகளிடம் சொல்லும் வேலையும் எனக்கு வந்தது. அன்று மாலை வரிசையில் முதலாவதாக நின்ற சிறுமியிடம், “இனிமே காலையில மட்டும் வா, ஆத்தா” என்றேன்.

“சரி” என்றாள். ஆனாலும் காலி வட்டிலை நீட்டியபடியே நின்றாள்.