தேரைக் கொஞ்சம் பின்னாடி தள்ளணுமாம்

இன்னிக்கு ஸ்ரீரங்கத்துல சித்திரைத் தேர். பொன்மலையிலேர்ந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போய் வடம் பிடிச்சேன்.

எனக்கு முன்னாடி துறையூர்ப் பக்கத்து விவசாயி ஒருத்தர், சம்சாரத்தோட இழுத்துக்கிட்டு இருந்தார். ரோடு கொதிக்குது, ரெண்டு பேர் கால்லயும் செருப்பு இல்ல.

தெருமுனையில திரும்பும்போது தேர் நின்னுடுச்சு. கால் மணி நேரம் அசையவே இல்ல. கடைசியா எல்லாரும் மூச்சைப் பிடிச்சு இழுத்ததுல பத்தடி நகர்ந்துச்சு. அந்தம்மா வடத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதுட்டாங்க.

அப்ப கூட்டத்தை இடிச்சுக்கிட்டு வந்தார் ஒரு வெளியூர்த் தம்பி. ஊர் ஊரா திருவிழாவுக்குப் போய் வீடியோ போடுறவராம்.

"அண்ணா, தேர் நகர்ந்ததை எடுக்கறதுக்குள்ள மிஸ் ஆயிடுச்சு. கொஞ்சம் பின்னாடி தள்ளிட்டு மறுபடி இழுங்களேன். அக்கா, நீங்க அதே மாதிரி அழுங்க. சூப்பரா இருந்துச்சு."

எனக்கு வாயில வந்ததை இங்க எழுதினா அக்கவுண்ட் போயிடும்.

விவசாயி வடத்துலேர்ந்து கையை எடுக்காமலே சொன்னார். "தேர் பின்னாடி போகாதுங்க தம்பி. நீங்க போங்க."

"கோவப்படாதீங்கண்ணா, உங்க கோயிலுக்குத்தான் ப்ரமோஷன்!"

பெருமாளுக்கு ப்ரமோஷன். இவர் தரார்.

அதுக்கப்புறம் நானும் வாயைத் திறந்தேன். பக்கத்துல இருந்தவங்களும் திறந்தாங்க.

இப்பதான் அவர் வீடியோ வந்திருக்கு. தலைப்பு, 'ஸ்ரீரங்கத்துல டூரிஸ்ட்டுக்கு மரியாதையே இல்ல'.

அதுல முறைச்சிக்கிட்டு நிக்கிற நீலச் சட்டை நான்தான். யாராவது என்னை டேக் பண்ணி விடுங்க. திட்ட வேண்டியது இன்னும் பாக்கி இருக்கு.