ஏழு நாள் வாபஸ்: பிலிம் கேமரா கவுன்டரில் நான்

பழைய பிலிம் கேமராவை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம். விற்றது ஏழு நாளைக்குள் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில். செருப்போ மிக்ஸியோ விற்றுவிட்டு, அதே பையில் அதே பொருள் திரும்பி வருவதை வாசலிலேயே பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நீங்கள் என் கட்சி.

எனக்குப் பதினெட்டு வயது. பன்னிரண்டாவது முடிந்ததும் இனிமேல் படிக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ், ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் கத்தவில்லை, கெடு வைத்தார். தீபாவளி வரைக்கும் ஒரு வேலையில் நிலைத்து நிற்க வேண்டும். இல்லையென்றால் அரசுத் தேர்வுக் கோச்சிங்.

சாந்தினி சௌக்கில் ஒரு கேமரா கடையில் சேர்ந்தேன். முதலாளி கபூர் ஜியும் ஒரு கெடு வைத்தார். பிலிம் எஸ்.எல்.ஆர். கவுன்டர் என் பொறுப்பு. ஆனால் தீபாவளிக்குள் ஐந்து பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டால் கவுன்டரை மூடிவிட்டு அந்த இடத்தில் ட்ரோன் வைப்பார். ஐந்தாவது கேமரா திரும்பி வந்தால் நான் கோச்சிங் கிளாஸில் இருப்பேன். என் நிலைமை அவ்வளவுதான்.

எஸ்.எல்.ஆர். என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: லென்ஸ் வழியாக வரும் காட்சியை உள்ளே சாய்வாக இருக்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். நான் விற்றவற்றில் போகஸ் செய்வது நம் கை. எடுத்ததைப் பார்க்கத் திரை கிடையாது. கடையில் எல்லோரும் பேசுவது ஹிந்தி. நான் தமிழில் எழுதுகிறேன். நடுவில் ஹிந்தி ஒட்டிக்கொண்டு வந்தால் தட்டிவிட்டுப் படியுங்கள்.

செத்துப்போன கேமரா

முதல் வாரமே ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். ஒரு படம் எடுத்தேன், அதற்குப் பிறகு உள்ளே ஒரே இருட்டு என்றாள். வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே இருட்டு. லென்ஸைக் கழற்றினால் கண்ணாடி மேலே போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி சிக்கிக்கொண்டது, கேமரா காலி என்று பெரிய மெக்கானிக் மாதிரி அறிவித்துவிட்டு, மன்னிப்பும் கேட்டு, பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். வாபஸ் ஒன்று.

டிஜிட்டல் கவுன்டரைப் பார்க்கும் ராஜேஷ் பையா (அண்ணன் என்று அர்த்தம்) அந்தக் கேமராவைப் பெட்டிக்குள் வைக்க எடுத்தவர், கை சும்மா இராமல் பிலிம் நகர்த்தும் லீவரை ஒரு இழு இழுத்தார். டக்கென்று கண்ணாடி கீழே இறங்கியது. காட்சி வந்துவிட்டது. அந்தக் காலத்து எஸ்.எல்.ஆர்.களில் படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். அடுத்த படத்துக்கு லீவரை இழுத்தால்தான் இறங்கும். அதன் சுபாவமே அது. நல்ல ஆரோக்கியமான கேமராவுக்கு நான் இறப்புச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். ராஜேஷ் பையா என்னைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மேடம், பாடி எழுந்து உட்கார்ந்துட்டு டீ கேக்குது. டாக்டர் என்ன சொல்றாங்க?"

புகார் அலமாரி

அவமானம் நல்ல வாத்தியார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில் மெட்ரோவில் போக வர, போனில் பழைய கேமராக்களின் கையேடுகளைப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் அப்பா அழுதிருப்பார்.

படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு மாடலும் முந்தின மாடல்மேல் யாரோ சொன்ன குறைக்குப் பதில். முதலில் இடுப்புயரத்தில் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. காட்சி இடம் வலமாகத் தெரியும். குறை சொன்னார்கள். தலையில் ஒரு பட்டகக் கண்ணாடியை வைத்து, நிமிர்ந்து நேராகப் பார்க்க வைத்தார்கள். படம் எடுத்ததும் இருட்டாகிறது என்றார்கள்; கண்ணாடி தானாகவே இறங்கி வந்தது. வெளிச்சம் எவ்வளவு என்று தெரியவில்லை என்றார்கள்; உள்ளேயே ஒரு முள் வைத்து அளந்து காட்டினார்கள். முள்ளைப் பார்த்துத் திருகச் சோம்பேறித்தனம் வந்தது. பாட்டரி போட்டு, ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும்படி ஆக்கினார்கள்.

அலமாரியைக் காலி செய்து இதே வரிசையில் அடுக்கினேன். இடதுகோடியில் குனிந்து பார்ப்பது, வலதுகோடியில் தானே வேகம் வைப்பது. ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு துண்டுச்சீட்டு: இதற்கு முந்தினதில் என்ன கஷ்டம், இதில் என்ன கஷ்டம். ஆமாம், இதில் உள்ள கஷ்டத்தையும் எழுதினேன். கபூர் ஜி மூக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். அப்புறம் கேட்டார்: "பேட்டா, நீ எனக்கு வேலை செய்றியா, பக்கத்துக் கடைக்கா?"

புது மூக்குக்கண்ணாடி

ஜனக்புரியிலிருந்து ஒரு சர்தார் ஜி வருவார். பிளாட் வாங்கி விற்கிறவர், பெரிய மனசு, பெரிய குரல். அவர் வாங்கிப் போனது உள்ளே முள் வந்த புதிதில் செய்த மாடல். அதில் வெளிச்சத்தை அளக்கப் பக்கத்தில் ஒரு பொத்தானை மேலே தள்ள வேண்டும். தள்ளியதும் லென்ஸ் துவாரம் சுருங்கி, பார்க்கிற காட்சி மங்கிவிடும். முதலில் போகஸ், பிறகு பொத்தான். அவர் பொத்தானைத் தள்ளிவிட்டு, அந்த மங்கலிலேயே துழாவித் துழாவிப் போகஸ் செய்திருக்கிறார். ஒரு படமும் தெளிவில்லை.

ஆறாம் நாள் கேமராவோடு வந்தார். ஆனால் சண்டைக்கு வரவில்லை. வருத்தமாக இருந்தார். கோளாறு கேமராவில் இல்லை, தன் கண்ணில்தான் என்று முடிவு கட்டி, டாக்டரிடம் போய்ப் பவர் மாற்றிப் புது மூக்குக்கண்ணாடியே போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதற்குப் பிறகும் தெரியவில்லையாம். வயசாகிவிட்டது, எடுத்துக்கொள் என்றார். நான் அலமாரியில் அடுத்த கேமராவை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதில் லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும். படம் எடுக்கிற நொடியில் மட்டும் சுருங்கிக்கொள்ளும். வாசல் வழியாக எதிர்க்கடை ஜிலேபிக்காரரைப் போகஸ் செய்தார். அவர் மீசையில் நரை தெரிகிறது என்றார். மாற்றிக் கொடுத்தால் வாபஸ் கணக்கில் வராது. நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "அச்சா பேட்டா, இதுக்கும் ஏழு நாள் உண்டா?"

சொல்லாத ஒன்று

ஓர் ஆர்க்கிடெக்ட், பாட்டரியில் ஓடும் மாடலை வாங்கிக்கொண்டு ஸ்பிதி மலைப்பக்கம் போனார். பையில் பட்டன் அமுங்கியே கிடந்து பாட்டரி தீர்ந்துவிட்டது. பாட்டரி போனால் இந்த மாடல் கல்லுதான், ஒரே ஒரு வேகம் தவிர; சக்கரத்தில் அது சிவப்பாக எழுதியிருக்கும், பாட்டரி இல்லாமலே ஓடும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது, அதனால் வாதாடாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வாபஸ் இரண்டு. அவரும் கத்தவில்லை. "நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்துச்சு. மலைமேல தேவைப்பட்டது நீங்க சொல்லாதது."

ஸ்கோர்

மூன்றாவது வாபஸ், நான்காவது வாபஸ் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒருவனின் காதலிக்குக் கேமராவின் நிறம் பிடிக்கவில்லை. ஒருத்தியின் அம்மாவுக்கு எடை பிடிக்கவில்லை. நிறத்துக்கும் எடைக்கும் என்னிடம் சீட்டு இல்லை.

வீட்டில் தினம் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் முன்பே அப்பா எத்தனை என்று கேட்பார், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. நாலு என்றதும் உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்தார். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். "ஏளா, நாலு விக்கெட் போயிட்டு. கோச்சிங் பாரத்த நிரப்பியாச்சி. நீ கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

நாற்பத்தொன்றாவது படம்

அதற்கு மறுநாள் கௌரவ் வந்தான். கோல் மார்க்கெட்காரன், பேங்கில் வேலை. கேமரா வாங்கி அன்றோடு ஏழாவது நாள். முதல் ரோலை நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். படம் நன்றாக வந்தது. இரண்டாவது ரோலை அவனே போட்டு, தங்கையின் நிச்சயதார்த்தம் முழுவதையும் எடுத்திருக்கிறான். முப்பத்தாறு படம் எடுக்கிற ரோல், நாற்பத்தொன்று எடுத்தாயிற்று, இன்னும் ஓடுகிறது, உன் கேமராவில் எண்ணும் சக்கரம் கெட்டுவிட்டது, பணத்தைக் கொடு என்றான். ராஜேஷ் பையா வாபஸ் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். கபூர் ஜி போனில் ட்ரோன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் லீவரை இழுத்தேன். இடதுபக்கம் ஒரு குமிழ் இருக்கிறது, பிலிமைத் திருப்பிச் சுற்றுவதற்கு. பிலிம் நிஜமாக நகர்ந்தால் அந்தக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. இன்னொரு முறை. மூன்றாம் முறை. அசையவே இல்லை. வெளியே நீட்டியிருக்கும் பிலிமின் நாக்கு எதிர்ப்பக்கத்து உருளையில் மாட்டவே இல்லை என்று அர்த்தம். நாற்பத்தொரு முறையும் வெறும் கேமராவைத் தட்டியிருக்கிறான்.

சொன்னேன். நம்பவில்லை. அப்படியானால் திறக்கிறேன் என்றேன். உள்ளே படம் இருந்தால் வெளிச்சம் பட்டு மொத்தமும் பாழ். நிச்சயதார்த்தமும் போகும், ஐந்தாவது வாபஸும் விழும், என் வேலையும் போகும். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடிக்க வந்தான். நான் பின்மூடியைத் திறந்துவிட்டேன்.

பிலிமின் நாக்கு போட்ட இடத்திலேயே சமர்த்தாகப் படுத்திருந்தது. ஒரு மடிப்புகூட இல்லை. கௌரவ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அந்த நேரத்தில் ஜெயித்த மாதிரியே இல்லை. கல்யாணம் எப்போது என்று கேட்டேன். நாளை மறுநாள் என்றான். இந்த ரோலில் முப்பத்தாறு படமும் அப்படியே பாக்கி இருக்கிறது என்றேன். பழைய ரோல் ஒன்றைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டே மாட்டும் வரைக்கும் அவனை விடவில்லை. மாட்டினால் குமிழைப் பார், மாட்டினால் குமிழைப் பார் என்று பதினோரு தடவை. பிறகு, கபூர் ஜியைக் கேட்காமலே, கல்யாணம் முடிந்து வா, அப்போதும் படம் வரவில்லையென்றால் நானே வாபஸ் எழுதுகிறேன் என்றேன். கபூர் ஜியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஐந்தாம் நாள் வந்தான். கூடவே கையில் மெஹந்திச் சிவப்பு மங்காத தங்கை. கழுவிய நெகடிவை கபூர் ஜியே வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து விரல் வைத்து எண்ணினார். முப்பத்தாறு. இன்னொரு தரம் எண்ணினார், முப்பத்தாறுதான். போனை எடுத்து ட்ரோன்காரரிடம் இப்போதைக்கு இடமில்லை என்று சொன்னார். தங்கைக்காரி என்னைத் தேடி வந்து கவுன்டரில் கையை ஊன்றினாள். "தீதி, இவன் போகஸ் பண்ணி முடிக்கிறதுக்குள்ள சிரிச்சு சிரிச்சு என் தாடை கழண்டுபோச்சு. ஆனா எல்லாம் வந்திருக்கு. புகுந்த வீட்டுக்கு எனக்கும் ஒண்ணு வேணும், இவனைவிட வேகமான ஆளுக்கு."

அப்பா வந்தார்

தீபாவளிக்கு முந்தின நாள் அப்பா ஆபீசிலிருந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டார். சொல்லாமல் வந்து, ஒரு ஓரமாக நின்றார். நான் கவனிக்கவில்லை. ஓர் ஆள் வலதுகோடி கேமராதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். படம் எடுத்துப் பழக்கமே இல்லாதவனுக்கு, பாட்டரி தீர்ந்தாலும் ஓடுகிற, முள் வைத்ததுதான் சரி, இல்லாவிட்டால் நாலாம் நாள் என் முன்னால் வந்து நிற்பாய் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷமாவது இருக்கும். அப்போதுதான் அவனுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் ஆபீஸ் ஹிந்தி கேட்டது. கோச்சிங் என்ற வார்த்தை அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அந்த ஆளின் தோளில் கையை வைத்து அப்பா சொன்னார்: "பாயி சாப், நான் இவ அப்பா. பதினெட்டு வருஷமா முயற்சி பண்றேன், ஒரு தடவைகூட ஜெயிக்கல. அவ காட்டுறத வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க."

பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருஷம் மரியாதையாகக் கேட்டும் ஒழுங்காக ஒரு பதில் சொல்லாத நான், இப்போது கத்திக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே சம்பளம் வாங்குகிறேன்.